வாங்கும் முன் பின்சீட்டில் ஏறிப் பாருங்கள்: பிஎம்டபிள்யூ 2 சீரீஸ் கிரான் கூப்பே

என் மாமனாருக்கு 71 வயது, உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. மூன்று வருடம் முன்பு மச்சான் செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎம்டபிள்யூ 220டி, அதாவது 2 சீரீஸ் கிரான் கூப்பேயின் டீசல், எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, எல்லாம் முடிந்து மயிலாப்பூர் கோயிலுக்குக் கிளம்பலாம் என்று மாமா பின்கதவைத் திறந்தார். அம்பாசடரில் ஏறி இறங்கியே பழகிய உடம்பு. முதலில் காலை வைத்தார், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை. தலை போகவில்லை, கூரை அந்த இடத்தில் சரிந்து இறங்கிவிட்டிருந்தது. 'டொக்'. நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைச் சுற்றி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பின்னால் போய் உட்கார்ந்த அத்தை இன்றுவரை பின்னால்தான்.

இந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். 2 சீரீஸ் கிரான் கூப்பே ஓட்டுகிற ஆளுக்காகச் செய்த வண்டி. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவருக்கும் சந்தோஷம். பின்னால் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்பதை யோசிக்காமல் லோகோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தால் வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

மச்சானுக்கு இப்போது புது மாடல் 218 மேல் கண். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு அதை எடுக்கலாமா என்று இரண்டு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறான். அதனால் புதியதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், பழையதை மூன்று வருடமாக அவ்வப்போது வாங்கி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த பட்ஜெட்டில் பாதிப் பேர் கடைசியில் பழையதுதான் வாங்குகிறார்கள்.

முதலில் ஊர்ப் பெருமை. இந்த வண்டி ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்குவதில்லை. செங்கல்பட்டு போகிற வழியில், சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2007-லிருந்து பிஎம்டபிள்யூவுக்குத் தொழிற்சாலை இருக்கிறது, பாகங்கள் அங்கே வந்து வண்டியாகப் பூட்டப்படுகின்றன. பிஎம்டபிள்யூ இன்ஜின்களை அதே வளாகத்தில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தருகிறது. ஆமாம், டெம்போ டிராவலர் செய்கிற அதே ஃபோர்ஸ்தான். மச்சானிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய மாடல் 2020 அக்டோபரில் இங்கே வந்தது. 220டி என்பது 2 லிட்டர் டீசல், 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க் என்கிற இழுவிசை, 8 கியர் ஆட்டோமேட்டிக். சில மாதம் கழித்து 220ஐ என்று 2 லிட்டர் பெட்ரோலும் வந்தது, 7 கியர் டபுள் கிளட்ச்சோடு. புது மாடல் 2025 ஜூலையில் வந்த 218. இதில் ஒரே ஒரு இன்ஜின்தான், 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல், 156 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். டீசல் கிடையாது. பெயரில் இருந்த அந்த 'ஐ' எழுத்தும் போய்விட்டது, அதை இனிமேல் மின்சார வண்டிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக கம்பெனி முடிவு.

பழைய டீசலை ஓட்டியவர்களுக்குப் புதியது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், மறைக்க ஒன்றும் இல்லை. திண்டிவனம் தாண்டி விழுப்புரம் பக்கம் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்துகிறேன் பேர்வழி என்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் ஊர்ந்து, ஒருவழியாக வழி விடும் அல்லவா, அந்த இடத்தில் 220டி-யின் ஆக்ஸிலேட்டரைப் பாதிதான் மிதிப்பேன், முதுகை யாரோ கையை வைத்துத் தள்ளியதுபோல வண்டி கிளம்பிவிடும், மாமா கதவுக் கைப்பிடியைப் பிடிப்பார், நான் பார்க்காததுபோல் இருந்துகொள்வேன். 218 அதே இடத்தில் ஒரு கியர் இறக்கி, மூன்று சிலிண்டருக்கே உரிய அந்தக் கரகரப்போடு கொஞ்சம் சத்தம் போட்டு, அப்புறம்தான் போகிறது. மெதுவான வண்டி என்று சொல்ல முடியாது. 100 கிலோமீட்டர் வேகம் தொட 8.6 விநாடி என்கிறது கம்பெனி, பழைய டீசலுக்கு 7.5. தாளில் ஒரு விநாடிதான். காலடியில் அது நிறையவே தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிஎம்டபிள்யூ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஃபோக்ஸ்வேகன் வர்ட்டுஸில் இருக்கும் 1.5 லிட்டர் டர்போ 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. டிக்கி 521 லிட்டர், 218-இல் 430. விலை பாதிகூட இல்லை. வேகத்துக்காக மட்டும் யாராவது 218 வாங்கினால் அவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

பின்னே எதற்காக வாங்குவது? ஸ்டியரிங்குக்காக. ஈசிஆரில் காலை ஐந்தரை மணிக்கு, கோவளம் தாண்டிய பிறகு வரும் நீள வளைவுகளில் இந்த வண்டியைப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று உள்ளங்கைக்கு அப்படியே தெரியும். முன்சக்கரம் இழுக்கிற பிஎம்டபிள்யூ ஒரு பிஎம்டபிள்யூவா என்று 3 சீரீஸ்காரர்கள் நக்கல் அடிப்பார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, 3 சீரீஸில் பின்சக்கரம் தள்ளும்போது வருகிற சுகம் தனி. ஆனால் வர்ட்டுஸிலிருந்தோ ஹோண்டா சிட்டியிலிருந்தோ ஏறி வருகிறவருக்கு இதுவே வேறு உலகம். வண்டி தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் அதற்குள் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், 100-இல் போனாலும் 60 போல இருக்கிறது. கடைசியில் சொன்னது வசதியா ஆபத்தா என்பது உங்கள் கால் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

உள்ளே எனக்கு ஒரு பெரிய வருத்தம். பழையதில் கியருக்குப் பக்கத்தில் ஒரு உருண்டைக் குமிழ் இருக்கும், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே அதைத் திருகிப் பாட்டு மாற்றலாம், மேப் பார்க்கலாம். ஏசிக்குத் தனியே பட்டன் வரிசை இருக்கும். புதியதில் குமிழும் இல்லை, ஏசி பட்டன்களும் இல்லை, எல்லாவற்றையும் வளைந்த பெரிய திரைக்குள் கொண்டு போய்விட்டார்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்று வெந்த வண்டியில் ஏறி, விரல் வியர்வையோடு ஃபேன் வேகத்தைக் கூட்டத் திரையில் தேடுகிற நிலைமையை நினைத்துப் பாருங்கள். குரலில் சொன்னால் கேட்கும்தான். 'ஏசியைக் கூட்டு' என்று வண்டியிடம் தமிழில் சொல்லி அத்தை காத்துக்கொண்டிருந்ததும் நடந்தது.

மற்றபடி முன்சீட்டு அருமை. இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது, திருச்சி போய் இறங்கினாலும் முதுகு பேசாது. கதவுகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது, திறக்கும்போது கண்ணாடி மட்டும் வெறுமனே நிற்கும். பார்க்க ஒரு கெத்துதான். மழையில் திறந்தால் கூரைத் தண்ணீர் நேராக சீட்டில் சொட்டும், அது கெத்துக்குக் கொடுக்கும் விலை. குழந்தைகள் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக் கதவைச் சாத்துவார்கள், முதல் வாரமே சொல்லி வையுங்கள்.

பின்சீட்டுக்கு வருகிறேன். புது மாடலின் உயரம் 25 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது, மாமாவை அழைத்துக்கொண்டே ஷோரூம் போனோம். இந்த முறை அவர் தயாராக வந்திருந்தார். குனிந்து, பக்கவாட்டில் நுழைந்து, இடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகு தலைக்கும் கூரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார், உள்ளங்கை போகவில்லை, விரல்கள் மட்டும் போயின. வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், பழையபடி 2,670 மில்லிமீட்டர்தான், எனவே கால் இடம் அப்படியேதான் இருக்கிறது. முன்னால் மச்சான் தன் வசதிக்கு சீட்டைத் தள்ளி வைத்தபோது மாமாவின் முழங்கால் சீட்டின் முதுகைத் தொட்டது. மூன்றாவது ஆளை நடுவில் உட்கார வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம், நடுத்தரையில் ஒரு மேடு இருக்கிறது. பின்னால் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போக வேண்டும், ஆக்டிங் டிரைவர் ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு இதே கம்பெனியின் நீளமான 3 சீரீஸ் இருக்கிறது, அதன் வீல்பேஸ் 2,961. கிட்டத்தட்ட ஓர் அடி வித்தியாசம். விலையும் அதற்கேற்ப ஏறும்.

சாலை விஷயம். இந்த வண்டியை நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றுவது ஒரு கலை. நேராக ஏற்றாதீர்கள், கொஞ்சம் சாய்வாக, ஒரு சக்கரம் பின் ஒரு சக்கரமாக. நான்கு பேரும் டிக்கியில் லக்கேஜும் இருந்தால் எங்கள் தெருமுனையில் இருக்கும் மேட்டில் மச்சான் மாமாவை இறக்கிவிட்டுத்தான் கடப்பான், மாமா அதற்கும் பழகிவிட்டார்.

பழையதில் டயர்கள் ரன்ஃப்ளாட். காற்று முழுதாகப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டிப் போகலாம், நடுராத்திரியில் ஹைவேயில் ஜாக்கி போட வேண்டியதில்லை. அதற்கு ஈடாக டயரின் பக்கச் சுவர் கட்டை மாதிரி இறுகியிருக்கும், சின்னக் குழிகூட இடுப்பில் தெரியும். போன மழைக்காலத்தில் தண்ணீர் மூடியிருந்த ஒரு குழியில் மச்சான் இறக்கினான், மறுநாள் பார்த்தால் முன் இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்று டயர் கடைக்காரர் சொல்ல, ஜோடியாக மாற்றினான். பில்லை அவன் மனைவிக்குக் காட்டவில்லை. சாதாரண டயர் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு, ஓட்டம் மெத்தென்று ஆகிவிடும். அப்படிச் செய்வதானால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறோமே, அந்த வரிசையில் உங்களுக்கு நிரந்தரமாக ஓர் இடம் தேவைப்படும். தாழ்ந்த வண்டி. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுக்காத இன்சூரன்ஸ் பாலிசி பொதுவாகக் கைவிரித்துவிடும். ப்ரீமியத்தில் வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

குறை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன் போலத் தெரிகிறது, எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ரிவர்சிங் அசிஸ்டன்ட் என்று ஒரு வசதி. வண்டி கடைசியாக மெதுவாக முன்னால் வந்த 50 மீட்டரை, எங்கே எவ்வளவு திருப்பினீர்கள் என்பதை, ஞாபகம் வைத்திருக்கும். திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் கல்யாண வீட்டைத் தேடிப் போய், எதிரே தண்ணீர் லாரி வந்து நின்றது. இரண்டு பக்கமும் பைக்குகள், ஒரு இஸ்திரி வண்டி, நடுவில் படுத்திருந்த நாய். ரிவர்ஸ் போட்டு, பட்டனை அழுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். ஸ்டியரிங் தானே திரும்ப, பிரேக்கை மட்டும் நான் பார்த்துக்கொள்ள, வந்த வழியே வண்டி பின்னால் போனது. இஸ்திரிக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நாயை மட்டும் ஹாரன் அடித்து எழுப்ப வேண்டியிருந்தது. 218-இலும் இது உண்டு. வேகத்தைவிட இதற்காகத்தான் எனக்கு அந்த வண்டி மேல் ஆசை.

இப்போது பணம். 218 வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 46.90 லட்சம், எம் ஸ்போர்ட் ப்ரோ என்ற மேல் வேரியண்ட் 48.90 லட்சம். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் இந்த ரக வண்டிகளுக்கு 45 சதவீதமாக இருந்த வரி, செஸ் போய் 40 ஆனது, கணக்குப்படி ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்க வேண்டும். அப்புறம் யூரோ ஏறுகிறது என்று சொல்லி விலை கூட்டுவது சொகுசு கம்பெனிகளின் வழக்கம், எனவே அன்றைய விலையை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ரோடு டாக்ஸ் 20 சதவீதம், 2023 நவம்பரில் ஏற்றியது. அது மட்டுமே 9 லட்சம் வருகிறது, அந்தக் காசில் ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் வர்ட்டுஸ் வாங்கலாம். மேலே ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கிறவரே வாங்கி வருமான வரித்துறைக்குக் கட்டுகிற முன்வரி, பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பிவிடும், ஆடிட்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பாண்டிச்சேரி நம்பர் போட்டால் மிச்சம் ஆகுமே என்று மச்சான் ஆரம்பித்தான். பாண்டியில் உண்மையிலேயே குடியிருந்தால் போடலாம். சென்னையில் இருந்துகொண்டு அங்கே வாடகை ஒப்பந்தம் காட்டிப் பதிவு செய்வது என்றைக்கு இருந்தாலும் தலைவலி. வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம்.

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய 220டி-க்குத்தான் என் ஓட்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஹைவேயில் ஓட்டுகிறவர் எடுக்கலாம். தினமும் அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் மட்டும் போய்வருகிறவர் பிஎஸ்6 டீசலைத் தொட வேண்டாம், புகைக்குழாய் ஃபில்டரில் சேர்கிற கரியை எரிக்க வண்டிக்கு ஒரு நீள ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்டவருக்கு 220ஐ. மைலேஜ் பற்றிக் கேட்பீர்கள், டீசல் எங்களுக்கு ஊருக்குள் 11, ஹைவேயில் 17 தருகிறது. புது பெட்ரோலை நான் ஓட்டிய கொஞ்ச தூரத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.

பழையது பார்க்கப் போகிறவர்கள் டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம். நாங்கள் இந்த 220டி எடுப்பதற்கு முன்பு பார்த்த ஒன்றில், கடை பேர் வேண்டாம், "டயரெல்லாம் புதுசு சார், போன மாசம்தான் போட்டது" என்றார்கள். பாலிஷ் போட்டுக் கருகருவென்று மின்னியது. குனிந்து பார்த்தால் நான்கும் நான்கு வருடத்தில் பிறந்தவை. சர்வீஸ் பதிவை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே நம்பர் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், சர்வீஸ் பேக்கேஜ் எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை மிச்சம் என்றும் கேளுங்கள். புது வண்டிக்கே பொது வாரண்டி 2 வருடம்தான், அதனால் மூன்று வருட வண்டியில் நீட்டித்த வாரண்டி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பேரம் பேசலாம். லோன் முடிந்ததா, ஆர்சியில் பேங்க் பெயர் நீங்கியதா, இதெல்லாம் எந்த வண்டிக்கும் பார்ப்பதுதான்.

போட்டி வண்டிகள் என்றால், மெர்சிடிஸ் ஏ கிளாஸ் பின்சீட்டில் கால் இடம் கூட. அதன் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ரெனோவோடு சேர்ந்து உருவாக்கியது, அதன் உறவுக்கார இன்ஜின் ஒன்று நம் பழைய டஸ்டரில் ஓடியது. அதனால் அது மட்டம் என்றில்லை, ஆனால் மும்முனை நட்சத்திரக் கதை பேசுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு வந்தது, 230 குதிரைத்திறன், லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள், பின்சீட்டில் மாமா கால் நீட்டித் தூங்கலாம். புத்தியால் வாங்குகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். மச்சான் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு "டாக்ஸி மாதிரி இருக்குடா" என்றான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாமாவோ 218-இலிருந்து இறங்கியதும் ஷோரூமில் அடுத்து நின்ற உயரமான எக்ஸ்1 எஸ்யூவி பக்கம் போய், கதவைத் திறந்து, குனியாமல் உட்கார்ந்து, "இது என்ன விலைப்பா?" என்று கேட்டார். சில லட்சம் கூட.

புது வண்டிக்கு டிசம்பரில் நல்ல தள்ளுபடி கிடைக்கும், ஆசைப்பட்டு ஓடாதீர்கள். அப்போது கையில் தருவது பெரும்பாலும் வருட ஆரம்பத்தில் செய்து யார்டில் வெயில் காய்ந்த வண்டியாக இருக்கும், இன்னும் சில நாளில் அது ரீசேல் கணக்கில் ஒரு வயது கூடிவிடும். தயாரித்த மாதத்தைப் பார்த்து, தள்ளுபடி அதற்கு ஈடாகிறதா என்று பேசி, டெலிவரிக்கு முன்னாலேயே யார்டுக்குப் போய் டயர், பேட்டரி, உள்ளே சீட் கவர் எல்லாவற்றையும் ஒரு நடை பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.